‘நல்லாத்தானே பார்த்தோம்?’: பண்பாட்டுப் பாதுகாப்பு, ஓர் எளிய அறிமுகம்

1988-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு கூட்டம். செவிலியர் கல்வியில் மாவோரி மக்களின் நிலை பற்றிப் பேசக் கூடியிருந்தார்கள். மாவோரிகள் அந்த நாட்டின் பூர்வகுடிகள். பேச்சுக்கு நடுவே முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்தார். சட்டப்படி பாதுகாப்பு என்கிறீர்கள், அறநெறிப்படி பாதுகாப்பு என்கிறீர்கள், சிகிச்சையில் பாதுகாப்பு என்கிறீர்கள், பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே போயிற்று? அவர் கேட்டதன் சாரம் இவ்வளவுதான். அந்தச் சொல்லை இரிஹபேட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர் பிடித்துக்கொண்டார். 2003-ல் இறக்கும்வரை விடவில்லை.

கேட்ட மாத்திரத்தில் அந்தச் சொல் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. மருத்துவமனையில் பாதுகாப்பு என்றால் நமக்குப் புரியும்: ரத்தப் பிரிவு மாறிவிடக் கூடாது, கட்டிலிலிருந்து விழுந்துவிடக் கூடாது, ஊசி சுத்தமாக இருக்க வேண்டும். பண்பாட்டில் என்ன ஆபத்து வந்துவிடும்?

மலச்சட்டியைக் கழுவிக் கொண்டுவருகிற செவிலியர், கைக்கு எட்டிய இடம் என்று, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் மேசை மேல் ஒரு நிமிடம் அதை வைக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிருமி எதுவும் இல்லை. ஆனால் அதே மேசையில் அடுத்து வருகிற இட்லியை உங்களால் சாப்பிட முடியுமா? மாவோரிகளுக்கும் முடியாது. உடலுக்கானதும் உணவுக்கானதும் கலக்கக் கூடாது என்பது அவர்களுக்கு வெறும் அருவருப்பு அல்ல, முறை. அதேபோல் தலை அவர்களுக்குப் புனிதம். தலைக்கு வைத்த தலையணையை எடுத்துக் காலுக்கு முட்டுக் கொடுத்தால் அது அவமரியாதை. செவிலியருக்கோ அது வெறும் தலையணை.

இதைவிட ஆழமானது பிரசவ அறையில் நடந்தது. மாவோரி மொழியில் ‘ஃபெனுவா’ என்றால் நிலம். நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் குடும்பத்தின் மண்ணில் புதைப்பார்கள். இந்தப் பிள்ளை இந்த மண்ணைச் சேர்ந்தது என்று எழுதாமல் எழுதும் பட்டா அது. பிரசவம் மருத்துவமனைக்கு மாறியபோது நஞ்சுக்கொடி ‘மருத்துவக் கழிவு’ ஆகிவிட்டது. கழிவுக்கான இடம் எரியுலை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இன்று நியூசிலாந்து மருத்துவமனைகளில் பெற்றோரைக் கேட்கிறார்கள், வேண்டுமென்றால் கொடுத்தனுப்புகிறார்கள். மேடைதோறும் ‘தொப்புள்கொடி உறவு’ என்று முழங்குகிற நமக்கு இது புரியக் கஷ்டமில்லை. வீட்டில் பிரசவம் பார்த்து, கொல்லையில் குழிதோண்டிக் கொடியைப் புதைத்த பாட்டிகள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள்.

இனி கருத்துக்கு வருவோம். பலவகை நோயாளிகளின் பழக்கவழக்கங்களை மதித்து நடப்பதைப் பற்றி ராம்ஸ்டனுக்கு முன்பே பேசினார்கள். அமெரிக்காவில் மடலின் லெய்னிங்கர் என்ற செவிலியர்-மானிடவியலாளர் 1950-களிலிருந்தே இதை ஒரு பாடத்துறையாக வளர்த்திருந்தார். அந்தப் பார்வையில், செவிலியர் மற்றவர்களின் பண்பாட்டைக் கற்றுக்கொண்டு அதற்கேற்பப் பணி செய்ய வேண்டும். ராம்ஸ்டன் கேள்வியையே திருப்பிப் போட்டார். சிகிச்சை பண்பாட்டு முறையில் பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கொடுத்தவர் அல்ல, பெற்றவர். ‘நாங்கள் நல்லாத்தானே பார்த்தோம்’ என்று மருத்துவமனை சொன்னால் அதற்கு மதிப்பில்லை. படுத்திருந்தவர் சொல்ல வேண்டும்.

எளிதாகத் தெரிகிறது, ஆனால் இதில் ஒரு கூர்மை இருக்கிறது. தேதி கொடுத்தும் நோயாளி வரவில்லை, மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார், சொன்னதைக் கேட்பதில்லை. இப்படிப்பட்டவரைப் பற்றி மருத்துவமனைக் கோப்பில் எழுதப்படுவதெல்லாம் அவருடைய குறையாகவே இருக்கும். ராம்ஸ்டனின் வழியில் போனால் அவர் ஏன் திரும்பி வர வேண்டும் என்று கேட்கத் தோன்றும். போன முறை அவருக்கு அங்கே என்ன நடந்தது?

மாவோரிகளுக்கு அந்தப் ‘போன முறை’ மிக நீளமானது. 1840-ல் பிரிட்டிஷ் அரசுடன் வைட்டாங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு நிலம் கை மாறியது. 1907-ல் மாவோரிகளின் மரபு வைத்தியர்களை, அதாவது தொஹுங்காக்களை, ஒடுக்கவென்றே ஒரு சட்டம் வந்தது. அது 1962-ல்தான் நீக்கப்பட்டது. உன் வைத்தியன் குற்றவாளி, என் ஆஸ்பத்திரிக்கு வா என்று அரை நூற்றாண்டு சொன்ன இடத்துக்குப் போகக் கால் தயங்காதா? இன்றும் நியூசிலாந்தில் மாவோரிகளின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட ஆறேழு ஆண்டு குறைவு. வறுமை, வீடு, உணவு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. மருத்துவமனை வாசலில் தயங்கி நிற்பதும் அவற்றில் ஒன்று.

செவிலியர் மன்றம் 1992-ல் பண்பாட்டுப் பாதுகாப்பைச் செவிலியர் படிப்பில் கட்டாயமாக்கியது. ஒருவரின் பண்பாட்டு அடையாளத்தையும் நலத்தையும் குறுக்குகிற, இழிவாக்குகிற, பலவீனமாக்குகிற செயல் எதுவும் ‘பாதுகாப்பற்றது’ என்பது அவர்களின் இலக்கணம். பண்பாடு என்றால் இனம் மட்டும் அல்ல என்றும் சொன்னார்கள். வயது, பாலினம், மதம், தொழில், உடல் ஊனம், புலம்பெயர்ந்த அனுபவம் எல்லாம் அதில் அடக்கம். இந்தக் கணக்கில், நகரத்து மருத்துவமனையில் படிவம் நிரப்பத் தெரியாமல் விழிக்கும் கிராமத்துப் பெரியவரும் வேற்றுப் பண்பாட்டவர்தான்.

மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது நோயாளியை அல்ல, தங்களைத்தான் என்றார் ராம்ஸ்டன். நோயாளி படுத்திருக்கிறார், செவிலியர் நின்றிருக்கிறார். அந்த உயர வித்தியாசத்தை உணராமல் மரியாதை பற்றிப் பேசிப் பயனில்லை. மருத்துவமனைக்கென்று ஒரு பண்பாடு இருக்கிறது, அதில் வாழ்கிறவர்களுக்கு அது கண்ணில் படாது. ஒரு நோயாளிக்கு ஒரு துணை, அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான் என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம், தொற்று, நெரிசல் என்று நியாயங்கள் இருக்கலாம். ஆனால் குடும்பம் என்றால் இருவர் மூவர் என்று நினைக்கிறவர்கள் வகுத்த விதி அது. பத்துப் பேர் சூழ நின்று, வழிபாட்டு வாசகம் சொல்லி அறுவை அறைக்கு அனுப்பிவைக்கும் மாவோரிக் குடும்பத்துக்கு அந்த வாசல் சிறியது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1993-ல் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு மாணவி பத்திரிகைகளிடம் போக, விஷயம் நாடெங்கும் வெடித்தது. செவிலியருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்காமல் மூளைச்சலவை செய்கிறார்கள் என்று எழுதினார்கள். 1995-ல் நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. மன்றம் வழிகாட்டியைத் திருத்தி எழுதியது, ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்ற பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 2019-ல் நியூசிலாந்து மருத்துவ மன்றமும் மருத்துவர்களுக்கு இதையே நெறியாக வைத்தது.

எதிர்த்தவர்களின் பயத்தில் ஒரு துளி நியாயம் உண்டு என்று எனக்குப் படுகிறது. மாவோரி என்றால் இப்படி, முஸ்லிம் என்றால் இப்படி, தமிழர் என்றால் இப்படி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைத்தால் அது நிச்சயம் கேடுதான். வேடிக்கை என்னவென்றால், அதை முதலில் எதிர்த்தவர் ராம்ஸ்டனே. தலைமுறைகளாக மொழியும் வழக்கமும் பறிக்கப்பட்ட மாவோரி ஒருவர் வார்டில் படுத்திருக்கிறார், அவருக்குத் தன் மொழியே தெரியாது. செவிலியர் வந்து, பாடத்தில் படித்த மாவோரிச் சொற்களால் அவரை வரவேற்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு காட்சி. மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 1998-ல் எழுதிய கட்டுரையில் வருவது. அறுவை முடிந்து சில மணி நேரமான லத்தீன் அமெரிக்கப் பெண்மணி வலியில் முனகுகிறார். வந்து பார்த்த லத்தீன் மருத்துவர், இவருக்கு வலி அதிகமாக இருக்கிறதே என்கிறார். செவிலியரோ, தான் பண்பாடுகள் பற்றி வகுப்பில் படித்திருப்பதாகவும், இந்த மக்கள் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்றும் பதில் சொல்கிறார். படித்தது தவறான இடத்தில் கைகொடுத்துவிட்டது. அந்த இருவரும் ‘பண்பாட்டுத் தேர்ச்சி’ என்ற சொல்லுக்குப் பதிலாகப் ‘பண்பாட்டுப் பணிவு’ என்று வைத்தார்கள். தேர்ச்சி என்றால் ஒருநாள் முடிந்துவிடும். பணிவுக்கு அப்படி ஒரு கடைசி நாள் கிடையாது.

நம் பக்கமும் பாருங்கள். பிள்ளை பெற்ற தமிழ்ப் பெண்ணுக்குப் பனிக்கட்டி போட்ட தண்ணீரைக் கொடுக்காதீர்கள் என்று வட அமெரிக்க மருத்துவமனை ஒன்று விதி எழுதலாம். பத்தியம், லேகியம், யாழ்ப்பாணத்தார் வைக்கும் சரக்குக் கறி என்று நமக்கு ஒரு முறை இருக்கிறதுதான். ஆனால் அதே அறையில் மாமியார் வெந்நீர் கேட்பார், மருமகள் பீட்சா கேட்பாள். யாருடைய பண்பாட்டை மதிப்பது? படுத்திருப்பவள் மருமகள், அவளைத்தான் கேட்க வேண்டும்.

அப்படியென்றால் எப்படிக் கேட்பது? அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மன் 1978-ல் இரு சகாக்களுடன் எழுதிய கட்டுரையில் சில கேள்விகளை வைத்தார். இந்தக் கஷ்டம் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இந்த நேரத்தில் வந்தது? என்ன வைத்தியம் செய்தால் சரியாகும்? இதில் உங்களுக்கு மிகவும் பயமாக இருப்பது எது? இவ்வளவு எளிய கேள்விகளா என்று தோன்றும். கடைசியாக மருத்துவரைப் பார்க்கப் போனபோது உங்களிடம் இவற்றில் எதையாவது கேட்டார்களா?

கேட்காமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, கலிஃபோர்னியாவின் மெர்செட் ஊரில் 1982-ல் பிறந்த ஒரு மோங் குழந்தையின் கதையைச் சொல்வார்கள். லாவோஸ் மலைகளிலிருந்து போரால் துரத்தப்பட்டு வந்த குடும்பம். குழந்தைக்கு வலிப்பு. மோங் மொழியில் அந்த நோயின் பெயரே ஆவி பிடித்து விழுவதைத்தான் குறிக்கும். பயப்பட வேண்டிய நோய், அதே நேரம் கொஞ்சம் பெருமைக்குரியதும்கூட. அந்த நோய் கண்டவர்கள் பூசாரி ஆவதுண்டு. மருத்துவர்களுக்கு அது மூளையின் மின்கோளாறு. நாலைந்து ஆண்டுக்குள் மருந்துச் சீட்டு 23 முறை மாறியது. பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது, எழுத்தும் தெரியாது. மருந்தைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று 1985-ல் குழந்தையைப் பிரித்து வேறு வீட்டில் வளர்க்க அனுப்பினார்கள். திரும்பி வந்த குழந்தைக்கு 1986-ல் நிற்காத வலிப்பு வந்து, மூளையின் பெரும்பகுதி செயலிழந்தது. பிழைக்காது என்று மருத்துவமனை கைவிட்ட மகளைக் குடும்பத்தார் வீட்டில் வைத்து 2012-ல் இறக்கும்வரை, 26 ஆண்டு பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டார்கள்.

இதில் வில்லன் கிடையாது. மருத்துவர்கள் இரவு பகல் பாராமல் உழைத்தவர்கள், பெற்றோர் மகள் மேல் உயிரை வைத்திருந்தவர்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு அந்தப் பெற்றோரைப் பார்த்துச் சிரிக்கவும் வராது. மருந்து வேண்டும், பூசையும் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு வழி பேசியிருக்கலாம். அதற்குப் பேச்சு நடக்க வேண்டும், பேச்சுக்கு மொழி வேண்டும்.

மொழி என்றதும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்தால் முடிந்தது என்று தோன்றும். எப்போது வைக்க வேண்டும் என்பதே சிக்கல். 1980-ல் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவில் மயங்கிக் கிடந்த 18 வயது இளைஞரைக் கொண்டுவந்தார்கள். கியூபக் குடும்பம். ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். அவர்கள் வழக்கில் அதற்குச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மருத்துவர் காதில் அது ஆங்கிலமாக விழுந்தது: போதை. போதைமருந்து அளவு மீறியதாக எண்ணிச் சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கைகால் நான்கும் செயலிழந்தன. ஏறத்தாழ 7.1 கோடி டாலர் இழப்பீடு என்று வழக்கு முடிந்தது. அங்கே மொழிபெயர்ப்பாளரை ஏன் யாரும் கூப்பிடவில்லை? இரு தரப்பும் தங்களுக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

நம்முடைய ‘மயக்கம்’ இதற்குச் சளைத்த சொல் அல்ல. தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம், பசித்தாலும் மயக்கம், கர்ப்பிணிக்கு வருவதும் மயக்கம், குடித்தால் மயக்கம், அறுவைக்கு முன் கொடுப்பதும் மயக்க மருந்து. ‘நெஞ்சில வாய்வு பிடிச்சிருக்கு’ என்று சொல்லிக்கொண்டே மாரடைப்போடு நடந்து வருகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் உண்டு. தமிழுக்குத் தமிழே இடறும். இலங்கைத் தமிழர் ‘சத்தி எடுக்குது’ என்றால் வாந்தி. ‘தடிமன்’ என்றால் சளி, ஜலதோஷம். சென்னையில் அந்தச் சொல்லைப் பலகையின் கனத்துக்குத்தான் வைத்திருக்கிறோம். ‘நோகுது’ என்றால் வலிக்கிறது. லண்டனிலோ டொராண்டோவிலோ ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர்’ என்று அழைத்து வந்தவர் மதுரைக்காரராக இருந்து, நோயாளி வல்வெட்டித்துறைக்காரராக இருந்தால் ஒரு கணம் இருவரும் விழிப்பார்கள்.

புலம்பெயர்ந்த வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் மொழிபெயர்க்கிறார்கள். அம்மாவின் மாதவிலக்குச் சிக்கலை மகன் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அப்பாவின் புற்றுநோய்ச் செய்தியைப் பன்னிரண்டு வயது மகள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அம்மா பாதியை விழுங்கிவிடுவார், மகள் பாதியை மென்மையாக்கிவிடுவாள். அமெரிக்காவில் 2016-ல் வந்த விதியொன்று, அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் சிறுபிள்ளைகளை இப்படிப் பயன்படுத்துவதைத் தடுத்தது. நியூசிலாந்தில் 1996 முதல் நடப்பிலுள்ள நோயாளர் உரிமை விதிகள், தேவையான இடத்தில், நடைமுறைக்கு இயன்றவரை, தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெறுவதை உரிமையாகவே வைத்திருக்கின்றன. நோயாளியின் பண்பாடு, மதம், இனம் ஆகியவற்றின் தேவைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உரிமை என்று எழுதிவிட்டால் கெஞ்ச வேண்டாம், கேட்கலாம்.

எழுதிவிட்டால் நிலைக்கும் என்றும் இல்லை. மாவோரிகளுக்கென்று தனிச் சுகாதார ஆணையம் ஒன்று 2022-ல் தொடங்கியது. ஆட்சி மாறியது, 2024-ல் கலைத்துவிட்டார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். நீலகிரியின் கூடலூர் பள்ளத்தாக்கில் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர், இருளர் என்று பல பழங்குடிகள் வாழ்கிறார்கள். அக்கார்ட் என்ற அமைப்பு 1986-ல் நில உரிமைக்காக அங்கே வேலை தொடங்கியது. அதிலிருந்து மருத்துவத்துக்கென்று 1990-ல் ஆஷ்வினி பிறந்தது. அவர்கள் முதலில் கட்டடம் கட்டவில்லை. ஊர்களுக்குள்ளேயே ஆதிவாசிகளைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார்கள். பிறகு மருத்துவமனை வந்தது. ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயின்று அதில் நின்றார்கள்.

அந்த மலைகளில் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. எலும்பை முறிப்பதுபோல் வலி வந்து வந்து போகும், வெளியே பார்த்தால் காயம் எதுவும் இராது. ‘வேலைக்குப் போகச் சோம்பல்’ என்று தோட்ட முதலாளியும் ‘ஒன்றுமில்லை போ’ என்று வெளிநோயாளிப் பிரிவும் அனுப்பிவிடக்கூடிய நோய் இது. தன் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கப் பார்த்து வளர்ந்த செவிலியர் கட்டிலருகே நின்றால், வலிக்கிறது என்று வருகிறவரிடம் அதற்குச் சாட்சி கேட்கமாட்டார்.